டொடோமாவுக்கு ஓர் ஆத்தங்குடி அச்சு

ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கிற டிசைன் போட்ட தரைக்கல், ஊற்றுவதற்கு மின்சாரம் வேண்டாம், சூளை வேண்டாம், பிரஸ் மெஷின் வேண்டாம். ஒரு கண்ணாடி, ஓர் இரும்புச் சட்டம், நிறங்களைப் பிரித்து நிறுத்த ஒரு டிசைன் அச்சு, சிமெண்ட், மணல், சாயப்பொடி, அப்புறம் தண்ணீர். இவ்வளவுதான். இதற்காகவேதான் தான்சானியாவில் ஒரு மிஷன் தொழிற்பள்ளியில் வேலை பார்க்கும் பாதர் ஒருவர், லீவில் ஊருக்கு வந்தபோது காரைக்குடியில் இருக்கும் என் வெல்டிங் பட்டறையைத் தேடி வந்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். டொடோமா நகரத்துக்கு வெளியே, படிப்பைப் பாதியில் விட்ட பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தச்சு, தையல், வெல்டிங் சொல்லித்தரும் இடம் அவருடையது. தரைக்கல் ஊற்றுவதையும் அதில் சேர்க்க ஆசை. "அண்ணே, பத்து செட்டு அடிச்சுக் குடுங்க, பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

ஆத்தங்குடிப் பட்டறைகளுக்குச் சட்டமும் அச்சும் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. பத்து செட் ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் அச்சு என்பது தேயும் சாமான். தட்டித் தட்டி எடுப்பதில் மூலை விலகும், அடிவிளிம்பு நெளியும். இங்கே என்றால் சைக்கிளில் வைத்து என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். "பத்தாவது செட்டும் நெளிஞ்சப்புறம் என்ன சாமி பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அடுத்த லீவுக்கு வரும்போது வாங்கிக்கலாம்னு நெனச்சேன்" என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டார்.

அதனால் வேலையை மாற்றிக்கொண்டோம். டொடோமா ரோட்டோரத்தில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் அடிக்கும் வெல்டர் ஒருவர், தன் கையில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய மாதிரி ஒரு சட்டமும் ஓர் அச்சும். அவரிடம் என்ன இருக்கும் என்று பாதரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆர்க் வெல்டிங் மெஷின், கிரைண்டர், கை டிரில். லேத் கிடையாது, கேஸ் வெல்டிங் நிச்சயமில்லை, பித்தளைத் தகடு டார் எஸ் சலாமில் தேடினால் கிடைக்கலாம். சரி, நானும் அந்தச் சாமான்களோடு நின்றுகொள்வது, லேத் பக்கமே போவதில்லை என்று முடிவானது.

முதலில் சட்டம். நம்மூரில் சட்டம் என்றால் ஓர் அங்குல அகலம், கால் அங்குலக் கனத்தில் இரும்புப் பட்டை. ஒரு மூலையில் கீல், எதிர் மூலையில் கொக்கி. உள்ளளவு எட்டு அங்குலம் அல்லது பத்து அங்குலம். அங்கே எல்லாம் மீட்டர் கணக்கு என்பதால் 20 செ.மீ.க்கு மாற்றினேன். ஒரு சதுர மீட்டருக்குச் சரியாக 25 கல். கணக்குப் போடத் தெரியாத பையனுக்கும் வாடிக்கையாளரிடம் விலை சொல்ல வரும்.

கீலை விட்டுவிட்டேன். கீலுக்கு ஊசி ஆடாமல் உட்கார வேண்டும், கை டிரில்லில் அந்தத் துளை நேராக வராது, ஆடத் தொடங்கினால் சதுரம் போய்விடும். பதிலாக இரண்டு 'ட' வடிவத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலை நிரந்தரமாக வெல்டிங். மற்ற இரண்டு மூலைகளில், ஒரு துண்டில் நாக்கு மாதிரி பட்டை நீண்டிருக்கும், மற்றதில் அது நுழைய ஒரு வாய். நாக்கில் ஒரு நீளத் துளை, அதில் ஆப்பு. கரண்டிக் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினால் ஆப்பு இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழன்று சட்டம் இரண்டாகப் பிரியும். கல்லின் ஓரம் உதிராமல் இருக்க இதுதான் நல்ல வழி. கீல் வைத்த சட்டத்தில் கீல் பக்க மூலை எப்போதும் கொஞ்சம் உரசிக்கொண்டுதான் பிரியும்.

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பற்று ஆறும்போது இரும்பை இழுக்கும். உள்பக்கம் பற்று வைத்தால் மூலை உள்ளே மடங்கும், போதாததற்குக் கல்லின் மூலையில் அந்தக் கட்டி பதியும். அதனால் வெளிப்பக்கம் மட்டும். தட்டையான இரும்புத் தகட்டின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு புள்ளி வைத்து, மூலைமட்டம் பார்த்து, பிறகுதான் முழுப் பற்று. ஆறும்வரை கிளாம்பை எடுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் கூடாது. முடிந்ததும் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 20 செ.மீ. சதுரத்துக்கு இரண்டு பக்கமும் 283 மி.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் 284, ஒரு பக்கம் 282 என்றால்கூட ஒரு கல்லில் தெரியாது, பத்துக் கல்லை வரிசையாகப் பதிக்கும்போது கொத்தனார் திட்டுவார். எல்லாம் சேர்த்து ஒரு சட்டம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

டிசைன் அச்சில்தான் பாதருக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. அவருக்கு நம்மூர் வீடுகளில் இருக்கிற எட்டிதழ்ப் பூ வேண்டும். பூ அச்சில் எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள் என்று ஒரு பழைய பித்தளை அச்சைக் கையில் கொடுத்தேன். ஒவ்வோர் இணைப்பிலும் சாயம் கசியும் வாய்ப்பு உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் கரண்டியில் ஊற்ற வேண்டும். தொழில் படிக்கிறவன் முதல் மாதமே மனம் வெறுத்துவிடுவான். நான் சொன்னது ஒரே ஒரு கால்வட்டம். ஒரு மூலையை மையமாக வைத்து வளைந்த ஒரு தகடு, அதனால் இரண்டே நிறம். நான்கு கல்லைச் சேர்த்தால் முழு வட்டம், திருப்பி வைத்தால் அலை, மாற்றி மாற்றி வைத்தால் வேறொன்று. ஒரு அச்சில் நாலைந்து தரை கிடைக்கும். காகிதத்தில் வெட்டி மேசையில் பரப்பிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். "அங்க பொம்பளைங்க கட்டுற கங்கா துணியில இந்த மாதிரி நெறைய வரும்ணே" என்று போனில் படங்களை எடுத்துக் காட்டினார். உண்மைதான், பெரிய பெரிய வட்டமும் புள்ளியும் அகலமான பார்டருமாக அந்தத் துணியே ஒரு தரை டிசைன் புத்தகம். நம்மூர்ப் பூவை அங்கே கொண்டுபோய் ஊன்றுவதைவிட அவர்கள் துணியில் இருப்பதைத் தரையில் இறக்குவது மேல் என்பது என் கட்சி.

தகட்டுக்குப் பித்தளை இல்லையென்றால் என்ன? கூரைத் தகரம். வீட்டுக்கு வீடு அங்கே நாகத் தகடு போட்ட கூரைதான் என்றார். ஒரு துண்டை மரக்கட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, ஓர் அங்குல நாடாவாக வெட்டி வளைத்தேன். நாகத் தகட்டை ஆர்க்கில் பற்றவைக்க முடியாது, ஓட்டைதான் விழும், புகையும் ஆகாது. ஆனால் ஈயப் பற்று அருமையாகப் பிடிக்கும். கரி அடுப்பில் சூட்டுக்கோலைக் காய்ச்சி வாளிக்கும் விளக்குக்கும் பற்றுவைக்கும் தகரக்காரர்கள் அங்கேயும் உண்டாம். அப்படியென்றால் வெல்டர் சட்டம் செய்யட்டும், தகரக்காரர் அச்சு செய்யட்டும்.

அச்சின் உயிர் அதன் அடிவிளிம்பு. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அச்சை அதன் மேல் வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விளிம்பு முழுக்க ஒரே மாதிரி மினுங்கும்வரை. பிறகு வெறும் கண்ணாடியில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. அடுத்த பக்கம் கசிந்தால் மறுபடி தேய்ப்பு. தகர அச்சுக்கு ஆயுள் குறைவு. சிமெண்டின் காரம் நாகப் பூச்சை அரிக்கும், அதனால் ஒவ்வொரு கல்லுக்குப் பிறகும் தண்ணீரில் அலச வேண்டும். அரிமானத்தையே ஆராய்ச்சி செய்யும் சிக்ரி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்லி வைக்காவிட்டால் சாயங்காலம் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சட்டமும் அச்சும் தயாரானதும் ஆத்தங்குடிக்குப் போனோம். சின்ன வயதிலிருந்து கல் ஊற்றுகிற பெரியவர் ஒருவர், தன் கொட்டகையில் ஓர் ஓரத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். பாதரைக் கீழே சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். "நின்னுக்கிட்டு ஊத்தினா கை ஆடும் சாமி."

ஊற்றும் விதம் இதுதான். கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், ஒரு விரல் ரேகை இருந்தால்கூடக் கல்லின் முகத்தில் தெரியும். அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு. சிமெண்ட், சலித்த நைஸ் மணல், சாயப்பொடி மூன்றையும் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்த கலவையைக் கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவது. மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். கண்ணாடியை லேசாக அசைத்தால் தானாகப் பரவும். இப்போது அச்சை எடுக்க வேண்டும், நேர் மேலே, ஒரே மூச்சில். சாய்த்தால் கோடு இழுபடும். எடுத்ததும் இரண்டு நிறமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், ஆனால் கலக்காது. பதம் சரியாக இருந்தால்.

அடுத்த நொடியில் பெரியவர் கை நிறையக் காய்ந்த சிமெண்ட்-மணல் கலவையை எடுத்து, மாவு சலிக்கிற உயரத்திலிருந்து தூவினார். ஈரத்தை அது குடித்துக் கறுத்துக்கொண்டு வந்தது. கறுக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம். கறுப்பது நின்றதும் தூவுவதும் நின்றது. இந்தத் தூவலில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் நிறம் பின்பக்கக் கலவையோடு குழம்பும், கூடினால் முகம் தனியாக, உடம்பு தனியாக உரிந்துபோகும். பிறகு பின்பக்கத்துக்கு ஒன்றுக்கு மூன்று சிமெண்ட்-மணல் கலவையைச் சட்டம் நிறையப் போட்டு, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்தார். ஆப்பில் ஒரு தட்டு. சட்டம் இரண்டாகப் பிரிந்தது, ஓரம் உதிரவில்லை. "இது நல்லாருக்கே தம்பி, எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடு" என்றார். அதைப் பெரிய சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டேன்.

பாதர் ஊற்றிய கல்லெல்லாம் ஆரம்பத்தில் அலைபாய்ந்த கோடுகளாகத்தான் வந்தன. பூஜையில் கிண்ணம் பிடித்துப் பழகிய கை, ஆனால் அச்சை எடுக்கும்போது நடுங்கியது. பத்துப் பதினைந்து கல்லுக்கு மேல் போனதும் கை சொன்னபடி கேட்டது. ஏற்கெனவே அங்கே தச்சு வாத்தியாராக இருப்பவருக்குச் சொல்லித்தர இது போதும்.

பெரியவர் தன் மணலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். ஆத்தங்குடி மண்ணும் தண்ணீரும் இல்லாமல் ஆத்தங்குடிக் கல் இல்லை என்பது ஊரே நம்புகிற விஷயம். நம்பட்டும், தப்பில்லை. ஆனால் இந்தக் கல்லின் மூதாதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சில் பிறந்தது. அங்கிருந்து கடல்வழியாக எங்கெங்கோ போய், போன இடத்து மணலில் ஊன்றிக்கொண்டது. செட்டிநாட்டுக்கும் அப்படி வந்ததுதான். அதனால் டொடோமா மணலிலும் வரும், சலித்தால்.

அங்கே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆற்றுப்படுகை மணல்தான் கிடைக்குமாம், பருமட்டானது. அதே மாதிரி மணலாகப் பார்த்து இங்கே ஓர் ஓடையில் எடுத்தோம். வண்டல் பார்க்கக் கண்ணாடி பாட்டில் சோதனை போதும். பாதி பாட்டில் மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் கீழே, வண்டல் மேலே படியும். மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் வண்டல் இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் தொடக் கூடாது. எங்கள் ஓடை மணல் முதல் பார்வையிலேயே தோற்றது. கழுவிக் காயவைத்து, முகத்துக்குக் கொசுவலைத் துணியில் இரண்டு மடிப்பாகச் சலித்தது, பின்பக்கத்துக்கு அரிசிச் சல்லடையில் சலித்தது என்று பிரித்துக்கொண்டோம். பெரியவர் மணலில் வந்த வழவழப்பு வரவில்லை. கையால் தடவினால் வித்தியாசம் தெரியும், காலால் நடந்தால் தெரியாது.

சாயத்தில் ஓர் ஆசை வந்தது. டொடோமாப் பக்கமும் செம்மண், நம் பக்கமும் செம்மண். சாயப்பொடியைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் மண்ணையே போட்டால் என்ன? பாதர் இதில் என்னைவிடக் குஷியாகிவிட்டார். திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தரை இந்தப் பக்கம் செம்மண் புனிதர் என்றுதான் சொல்வார்கள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பி அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. "அந்த மண்ணைக் கேட்டுடாதீங்க அண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாங்கள் குன்றக்குடி ரோட்டில் ஒரு பள்ளத்தில் எடுத்தோம்.

மண்ணை அப்படியே போட்டால் களிமண் சிமெண்டைப் பிடிக்க விடாது. அதனால் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் வடித்து, அது தெளிந்ததும் அடியில் கிடைத்த வண்டலைக் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்தோம். வறுத்தால் நிறம் கூடும். மண்ணில் மஞ்சளாக இருக்கிற இரும்பு, நீரை விட்டுவிட்டுச் சிவப்பாக மாறும். நிறம் அழகாகத்தான் வந்தது, பழைய வீட்டுத் திண்ணைச் சிவப்பு. ஆனால் ஈடு கொடுக்கவில்லை. அந்தச் சிவப்பு வர வேண்டுமானால் நிறையப் போட வேண்டியிருந்தது, நிறையப் போட்ட கல்லை ஆணியால் கீறினால் மாவாக வந்தது. கடையில் விற்கிற இரும்பு ஆக்சைடு சிமெண்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து போட்டாலே கண்ணைப் பறிக்கிறது. பத்துக்கு மேல் போட்டால் அதுவும் கல்லைக் கெடுக்கும். ஆக, சுவருக்கு மண் சரி, தரைக்கு ஆக்சைடு. வெள்ளைச் சிமெண்ட் விலை என்பதால் சாதாரணச் சிமெண்டிலேயே நிற்கிற சிவப்பு, கறுப்பு, சாயமே போடாத சாம்பல் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். மஞ்சளும் பச்சையும் சாம்பல் சிமெண்டில் அழுக்காகத் தெரியும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. இங்கே கல்லைக் கண்ணாடியோடு ஒரு நாள் வைத்திருந்து, பிறகு தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். எத்தனை நாள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். காரைக்குடியில் சம்பை ஊற்று வைத்திருக்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தோன்றாது. டொடோமாவில் ஆண்டு மழை 600 மி.மீ.க்கும் கீழே, அதுவும் மே தொடங்கி அக்டோபர் வரை மழையே இல்லை என்று சொல்லலாம். குடத்தோடு பெண்கள் நடக்கிற ஊரில் தரைக்கல்லை ஊறப்போடத் தொட்டி கட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள். எனவே தொட்டியில்லாமல் செய்து பார்த்தோம். மறுநாள் கண்ணாடியைப் பிரித்து, கற்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கி, நனைத்த சாக்கைச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, ஓரத்தில் மண்ணை அணைத்துவிட்டோம். சிமெண்டுக்கு வேண்டியது ஈரம் போகாமல் இருப்பதுதான், முங்கிக் கிடப்பது இல்லை. சாக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்தால் மட்டும் தெளிப்பது. ஒரு வாரம் கழித்து எடுத்ததில், தொட்டியில் கிடந்த கல்லுக்கும் இதற்கும் தட்டிப் பார்த்தால் சத்தத்தில் பேதமில்லை. இரண்டும் கணீரென்றுதான் கேட்டன. போர்வை விலகிய ஓரத்தில் இருந்தவை மட்டும் மொத்தையாகச் சத்தம் கொடுத்தன.

உப்புத் தண்ணீரில் ஒரு தொகுதி செய்தோம், வேண்டுமென்றே. கறுப்புக் கல்லில் வெள்ளை பூத்தது. சிவப்பிலும் பூக்கும், அவ்வளவு தெரியாது. கலவைக்கு மட்டுமாவது கூரையில் பிடித்த மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பாதர் நோட்டில் எழுதினேன்.

கண்ணாடியைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. ஜன்னலுக்குப் போடும் மெல்லிய கண்ணாடி அழுத்தும்போது விண்டுபோகும். தடித்த கண்ணாடி வேண்டும், விளிம்பை உப்புத்தாளால் மழுக்க வேண்டும். அக்ரிலிக் கீறல் விழும், இரும்புத் தகடு துருவை அப்படியே கல்லுக்குக் கொடுக்கும். டொடோமாவில் இப்போது கட்டடம் எழும்பிக்கொண்டே இருப்பதால் கண்ணாடிக் கடை வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை என்றார்.

வேலைக்கு நடுவே பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "வேதத்துல சேந்தாத்தான் தொழிலா சாமி?" அவர் கோபப்படவில்லை. வகுப்பில் பாதி முஸ்லிம் பிள்ளைகள், அவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் தொழப் போவதற்கு நேரம் ஒதுக்கித்தான் டைம்டேபிளே போட்டிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தொழில் படிப்பவர்களை அழைப்பதுமில்லை என்றார். அப்புறம் மிஷன்காரர்களின் பழைய கதைகளைச் சொன்னார். டார் எஸ் சலாமுக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் பகமோயோவில், 1868இல் வந்த பிரெஞ்சுத் துறவிகள், அடிமைச் சந்தையிலிருந்து மீட்டவர்களுக்கு ஒரு குடியிருப்பும் தொழிற்கூடமும் வைத்தார்களாம். 1878இல் உகாண்டாவுக்குப் போன மெக்கே என்கிற ஸ்காட்லாந்துக்காரர் பாதிரியார் பட்டம் வாங்காத இன்ஜினீயர். தச்சும் கொல்லும் அச்சுத்தொழிலும் சொல்லிக்கொடுத்து, 1890இல் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, இன்றைய தான்சானியாவில், காய்ச்சலில் இறந்தார்.

எனக்குத் தெரிந்த மிஷன் தொழில் மங்களூர் ஓடுதான். நம் பக்கத்துக் கூரைகளில் உடைந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் என்று எழுத்து இருக்கும். மதம் மாறியவர்களை ஊர் ஒதுக்கியது, குலத்தொழில் கையை விட்டுப் போனது, அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1865இல் மங்களூர் ஜெப்புவில் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர் தொடங்கிய ஆலை. தொழில் பிரமாதமாக நடந்தது. ஆனால் ஆலை மிஷனுடையது, வேலைக்காரர்கள் கூலிக்காரர்கள். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர்களை வெள்ளைக்கார அரசு பிடித்துப்போட்டது. ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போயின. ஓடு செய்தவர்களைக் கேட்டுக்கொண்டா நடந்தது அது?

இதைச் சொன்னதும் பாதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் பட்டறை வைக்கக் கூடாதுங்கறீங்களா?" என்றார். பள்ளியில் பட்டறை இருக்கட்டும், விற்பனைக்கு ஊற்ற வேண்டாம் என்றேன். கோவில் தரைக்கும் ஆஸ்பத்திரித் தரைக்கும் மிஷனே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குக் கல் ஊற்ற வரும், கடைக்காரனிடம் விலை பேச வராது. படிப்பு முடிகிறவன் கையில் சர்டிபிகேட்டோடு ஒரு சட்டமும் ஓர் அச்சும் இருக்க வேண்டும், அதை அவனே வெல்டரிடம் நின்று, காசு கொடுத்துச் செய்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டில் ஏறக்குறைய நூறு கல் வரும், அதாவது நான்கு சதுர மீட்டர். ஒரு சலூன் கடைத் தரைக்கு இரண்டு மூன்று மூட்டை. அந்த அளவு முதலீட்டை ஒரு பையன் கடன் வாங்கியாவது புரட்டிவிடுவான். டொடோமாவைத் தலைநகராக்குவது என்று 1973இலேயே முடிவு எடுத்திருந்தாலும், அலுவலகங்கள் வேகமாக நகர்ந்தது 2016க்குப் பிறகுதான். இப்போது கடை, லாட்ஜ், வாடகை வீடு என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, தரை இருக்கிறது. சீனத்து டைல்ஸ் விலையோடு போட்டி போட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான், இங்கேயே ஆத்தங்குடி அந்தப் போட்டியில் மூச்சு வாங்குகிறது. ஆனால் நினைத்த நிறத்தில், நினைத்த டிசைனில் பத்துக் கல் மட்டும் வேண்டும் என்பவனுக்குச் சீனாவில் ஊற்றித்தர மாட்டார்கள்.

கடைசியில் பாதர் கொண்டுபோனது ஒரு சட்டம், ஒரு தகர அச்சு, முழு அளவில் வரைந்த காகிதம் ஒன்று, இரண்டு மாதிரிக் கல். ஒரு கல் ஒன்றே முக்கால் கிலோ, அதற்கு மேல் பெட்டி தாங்காது. பத்து செட் வியாபாரம் போனதில் என் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு.

பிறகு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. அங்கிருந்த ஃபுண்டி, அதாவது அந்த ஊர் மேஸ்திரி, என் ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நாக்கில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, கைப்பிடியாக வளைத்த போல்ட்டை மாட்டியிருந்தார். ஆப்பு தொலைந்துபோகிறதாம். போல்ட் தொலையாது, ஆனால் மரையில் சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் கிரீஸ் தடவச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சட்டத்தின் சதுரம் நன்றாகவே இருந்தது, 283க்கு 283 அளந்து டேப்பை வைத்தே படம் எடுத்திருந்தார்கள். கல்லின் மேல்மூலை மட்டும் சிலதில் உதிர்ந்திருக்கிறது. காற்று காய்ந்திருப்பதால் பின்பக்கக் கலவை சீக்கிரம் வறண்டுவிடுகிறது போல. இன்னும் ஒரு கை ஈரம் சேர்த்து, சட்டத்தைக் காலை வேளையில் மட்டும் பிரிக்கச் சொன்னேன்.

அங்கே படிக்கிற ஒரு பெண் கங்கா துணி பார்டரைப் பார்த்துத் தானே ஒரு டிசைன் வரைந்திருக்கிறாள். வரிசையாக மாங்காய் மாதிரி வளைவு, நடுவில் ஒரு புள்ளி. அதற்கு 10க்கு 30 செ.மீ. நீளக் கல் வேண்டுமாம். கால் அங்குலப் பட்டை அந்த நீளத்துக்கு நடுவில் பிதுங்கும். கனத்தைக் கூட்டுவதா, வெளிப்பக்கம் கோண இரும்பு ஒட்டுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோண இரும்புதான் அங்கே எந்தக் கிரில் பட்டறையிலும் துண்டாகக் கிடக்கும்.